கூழ் முதல் பீட்சா வரை: தமிழகத்தில் மாவு புளித்த வரலாறு

மாவைப் புளிக்கவைத்து உண்பது தமிழகத்தின் தொன்மையான உணவுமுறைகளுள் ஒன்று. கேழ்வரகுக் கூழ், இட்லி, ஆப்பம், பேக்கரி ரொட்டி, வீட்டில் செய்யும் பீட்சா ஆகிய எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே வேலை செய்கின்றன. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே நுண்ணுயிர் இல்லை. மாவு உப்புவதற்கான காரணமும் உப்பாமல் போவதற்கான காரணமும் உணவுக்கு உணவு மாறுபடுகின்றன. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையின் சிறுதானியக் கூழில் தொடங்கி, கள் ஊற்றிப் பிசைந்த ரொட்டி, மதுவிலக்குச் சட்டம், உலர் ஈஸ்ட் பொட்டலம் என இந்த வரலாறு நீள்கிறது.

சொற்கள்

தமிழில் இந்நிகழ்வைக் குறிக்கும் வழக்குச் சொற்கள் பல. மாவு 'புளித்தது', 'பொங்கியது', 'உப்பியது' என்று சமையலறையில் சொல்வார்கள். பாலைத் தயிராக்கச் சேர்ப்பது 'உறை' அல்லது 'பிரை'. அறிவியல் தமிழ் இதை 'நொதித்தல்' என்றது. ஈஸ்டுக்கு 'மதுவம்' என்ற கலைச்சொல் உண்டு. மதுவை உண்டாக்கும் உயிர் என்ற பொருளில் அமைந்தது அது. கடைகளிலும் வீடுகளிலும் 'ஈஸ்ட்' என்ற சொல்லே நிலைத்தது.

தமிழ் விவிலியத்தில் யூதர்களின் புளிக்காத ரொட்டி 'புளிப்பில்லாத அப்பம்' எனப்படுகிறது. ரொட்டியை அறியாத வாசகருக்கு அறிந்த பண்டத்தின் பெயரால் அது சொல்லப்பட்டது. இலங்கைத் தமிழில் பேக்கரி ரொட்டிக்குப் 'பாண்' என்று பெயர். இது போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது. மும்பையில் 'பாவ்' என்று வழங்குவதும் அதே சொல்தான். ஈழத்தில் பேக்கரியை 'வெதுப்பகம்' என்பர்.

சங்க நூல்களில்

நொதிக்கவைக்கும் முறையைப் பற்றிய விரிவான பழைய தமிழ்ச் செய்தி பத்துப்பாட்டில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை அரிசியிலிருந்து கள் உண்டாக்கும் முறையைச் சொல்கிறது. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள தட்டில் இட்டு ஆற்றி, அதில் 'நல்லடை'யைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்திருந்து எடுப்பதாக அப்பாடல் கூறுகிறது. நல்லடை என்பதை முளைகட்டிய தானியம் என்று உரைகாரர் கொள்வர்.

இதில் மூன்று நுட்பங்கள் உள்ளன. முளைத்த தானியத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் நொதியங்கள் இருக்கின்றன. சர்க்கரை இல்லாமல் ஈஸ்ட் வேலை செய்யாது. களியை ஆறவைத்த பிறகே மற்றதைச் சேர்க்கவேண்டும். கொதிக்கும் களியில் சேர்த்தால் நொதியமும் அழியும், நுண்ணுயிரும் சாகும். பிறகு காத்திருக்கவேண்டும். வெந்நீரில் ஈஸ்டைக் கொட்டி மாவு உப்பவில்லை என்று வருந்தும் இன்றைய சமையலறைக்கும் இம்மூன்றும் பொருந்தும்.

கல்வராயன் மலைக்கு வடக்கே உள்ள செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பாடியது மலைபடுகடாம். மலைவாழ் மக்கள் மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேன் தேறலைப் பற்றி அது கூறுகிறது. தேன் தண்ணீர் கலக்காதவரை நொதிப்பதில்லை. அதன் சர்க்கரைச் செறிவு நுண்ணுயிரிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். நீர் கலந்து நீர்த்ததும் நொதித்தல் தொடங்கும். சர்க்கரை ஈஸ்டுக்கு உணவு என்பதும், மிகுந்தால் அதுவே தடை என்பதும் தேறலில் விளங்கும்.

கல்வராயன் மலையில் கூழும் களியும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. பெரும்பகுதி 2,000 முதல் 3,000 அடி உயரம் கொண்டது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவாகச் சொல்லப்படும். மலையின் கிழக்குப் பகுதி கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்திலும் உள்ளன. விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் செயல்பாட்டுக்கு வந்தது. கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை.

இம்மலையின் பெரும்பான்மை மக்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்பது இப்பெயரின் பொருள். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாக மரபுக்கதை கூறுவார்கள். சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் பொறுப்பில் மலை நெடுங்காலம் இருந்தது. 1976-ல் அரசு அதை நேரடியாக ஏற்றது.

சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை இம்மலையின் பழைய பயிர்கள். இப்போது மரவள்ளி பெருமளவு பயிராகிறது. கேழ்வரகைக் களியாகவும் கூழாகவும் உண்பது வழக்கம். மாவை நீரில் கரைத்து ஓர் இரவு புளிக்கவிட்டு, மறுநாள் நொய்யுடன் சேர்த்துக் காய்ச்சினால் கூழ். காய்ச்சிய கூழை மறுபடியும் ஓர் இரவு வைத்து, காலையில் நீரோ மோரோ விட்டுக் கரைத்துக் குடிப்பார்கள். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்கு ஊற்றுவதும் இதுவே.

கூழைப் புளிக்கவைப்பவை பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். தானியத்தின் மேலும் பானையின் உள்ளும் இருந்த காட்டு ஈஸ்ட்களும் சேரும். முந்தைய கூழ் ஒட்டியிருக்கும் பானையிலேயே அடுத்த கூழைக் கரைப்பதால் புளிப்பு விரைவில் வரும். பானைதான் உறை. ஆனால் எவ்வளவு புளித்தாலும் கேழ்வரகு மாவு ரொட்டிபோல எழும்பாது. கோதுமையில் மட்டும் சிறப்பாக அமையும் குளூட்டன் என்ற புரதவலை கேழ்வரகில் இல்லை. வாயு உண்டாகும், ஆனால் நிற்க இடமின்றி வெளியேறிவிடும். மரவள்ளி மாவுக்கும் இதுவே நிலை. எழும்பாத மாவைக் கொண்டே இம்மக்கள் களியும் கூழும் அமைத்துக்கொண்டார்கள்.

மலையின் இன்னொரு பாடம் குளிர். மார்கழி, தை இரவுகளில் வெள்ளிமலை சமவெளியைவிடக் குளிர்ந்திருக்கும். நொதித்தலின் வேகம் வெப்பம் 10 பாகை குறைந்தால் ஏறத்தாழப் பாதியாகும். சமவெளியில் ஓர் இரவில் புளிக்கும் மாவு மலையில் மறுநாள் பகலையும் எடுத்துக்கொள்ளும். மாவுப் பானையை அடுப்போரம் வைப்பதும் துணி சுற்றி வைப்பதும் இதற்கான பழைய தீர்வுகள்.

இட்லியும் ஆப்பமும்

இட்லி மாவு பொங்குவது ஈஸ்டால் என்று பலர் எண்ணுவதுண்டு. 1965-ல் வெளியான முகர்ஜி, ஸ்டைன்கிராஸ் முதலியோரின் ஆய்வு, இட்லி மாவைப் பொங்கவைப்பதில் லூக்கோனோஸ்டாக் மெசன்டிராய்டிஸ் என்ற பாக்டீரியமே முதன்மையானது எனக் காட்டியது. அரிசியிலும் உளுந்திலும் அது இயல்பாகவே இருக்கிறது. அமிலத்தையும் கரியமில வாயுவையும் அது ஒருசேர உண்டாக்கும். அந்த வாயுவைப் பிடித்துவைப்பது உளுந்தின் புரதமும் பசைத்தன்மையும். கோதுமையில் குளூட்டன் செய்யும் வேலையை இட்லியில் உளுந்து செய்கிறது. உளுந்து பழையதானால் மாவு புளிக்கும், ஆனால் இட்லி தட்டையாகும். வாயு உண்டாவதும் வாயு தங்குவதும் இருவேறு செயல்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆப்பத்தில் ஈஸ்டின் பங்கு பெரிது. தென்னங்கள்ளை ஆப்பமாவில் ஊற்றுவது கேரளத்திலும் தமிழகத்தின் தென்பகுதியிலும் இலங்கையிலும் பழைய வழக்கம். பாளையிலிருந்து வடியும் சாறு இனிப்பானது. கலயத்தில் விழுந்த சில மணி நேரத்தில் அது நொதிக்கத் தொடங்கும். கள்ளில் முதன்மையாக இருப்பது சாக்கரோமைசிஸ் செரிவிசியே. பேக்கரி ஈஸ்டும் இதே இனமே. ஆகவே கள் என்பது உயிருள்ள ஈஸ்ட் கரைசல்.

அதே சாற்றில் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைபடும். கிடைப்பது பதநீர். பதநீரை ஊற்றினால் ஆப்பமாவு இனிக்கும், பொங்காது. ஒரே மரம், ஒரே சாறு. சுண்ணாம்பால் வந்த காரத்தன்மையே வேறுபாடு. மரமேறிகள் ஈஸ்ட் என்ற பெயரை அறியாமலே அதைக் கட்டுப்படுத்தும் முறையை அறிந்திருந்தனர்.

கள்ளால் உப்பிய ரொட்டி

போர்ச்சுகீசியர் 1510-ல் கோவாவைக் கைப்பற்றினர். கோதுமை ரொட்டி அவர்களுக்கு அன்றாட உணவும் திருப்பலிக்கான பொருளும் ஆகும். ஐரோப்பாவில் ரொட்டிக்கான ஈஸ்ட் பீர் நுரையிலிருந்தோ பழைய புளித்த மாவிலிருந்தோ வந்தது. வெப்பநாட்டில் பீர் வடிப்பது அரிதாக இருந்தபோது அவர்கள் தென்னங்கள்ளைப் பயன்படுத்தினர். கோவாவின் ரொட்டி சுடுபவர்களிடம் இம்முறை நெடுங்காலம் நிலைத்தது. இலங்கையின் 'பாண்' அவர்கள் விட்டுச்சென்ற சொல். புதுச்சேரியில் பிரெஞ்சு ரொட்டி வழக்குக்கு வந்தது. 1954-ல் பிரெஞ்சு ஆட்சி முடிந்த பின்னரும் நீண்ட ரொட்டியை அங்கே சுடுகிறார்கள்.

கள்ளால் ரொட்டி செய்வதில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. முதலாவது கள்ளின் வயது. காலையில் இறக்கிய கள்ளில் ஈஸ்ட் சுறுசுறுப்பாக இருக்கும். நேரம் செல்லச்செல்ல அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிக் கள் காடியாகும். மாலைக் கள்ளை ஊற்றிப் பிசைந்த மாவு சரியாக எழும்பாது, ரொட்டியில் புளிப்பு வீசும். இரண்டாவது அளவு. கள்ளில் எவ்வளவு ஈஸ்ட் உள்ளது என்பது மரத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். நேற்றைய அளவு இன்று பொருந்தாது. தேர்ந்த ரொட்டிக்காரர் மணத்தையும் நுரையையும் பார்த்து முடிவு செய்தார்.

சென்னையில் பணியாற்றிய ஆங்கிலேயப் படை அதிகாரி ஆர்தர் ராபர்ட் கென்னி ஹெர்பர்ட், 'வைவர்ன்' என்ற புனைபெயரில் 1878-ல் சென்னைவாழ் ஆங்கிலக் குடும்பங்களுக்கான சமையல் நூலை வெளியிட்டார். வீட்டில் ரொட்டி செய்ய அவர் பேக்கிங் பவுடரைப் பரிந்துரைத்தார். பேக்கிங் பவுடரை 1843-ல் பர்மிங்காமில் உருவாக்கியவர் ஆல்ஃபிரட் பேர்ட். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒவ்வாதது அதற்குக் காரணம். நுண்ணுயிர் இல்லாமல் வேதிவினையால் வாயு உண்டாக்கும் அப்பொடி, வெப்பநாட்டுச் சமையலறையில் நிச்சயமின்மைக்கு மாற்றாக வந்தது. இந்திய வீடுகளில் கேக்கும் நானும் இன்றும் சோடாவையும் பேக்கிங் பவுடரையும் நம்பியிருக்கின்றன.

அன்று சென்னை மாகாணத்தில் இருந்த தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு 1880-ல் பிஸ்கட் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1883-ல் ஆங்கிலேயத் தோட்டக்காரர் ஒருவர் கொடுத்த மாதிரியைப் பார்த்து அவர் கிறிஸ்துமஸ் கேக் செய்தார் என்றும், அதற்கு முந்திரிப் பழத்தையும் கதலி வாழைப்பழத்தையும் கொண்டு வடித்த உள்ளூர் மதுவைச் சேர்த்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கிடைக்காத ஐரோப்பியப் பொருளுக்கு உள்ளூர் நொதிப்பை ஈடாக்கிய கதை அது.

ஈஸ்ட் அறியப்பட்ட வரலாறு

நெதர்லாந்தின் லீவன்ஹுக் 1680-ல் பீரில் மிதந்த ஈஸ்ட் உருண்டைகளை நுண்ணோக்கியில் கண்டார். அவை உயிருள்ளவை என்று அவர் அறியவில்லை. 1837-ஐ ஒட்டி ஷ்வான், காக்னியார்-லாட்டூர், கூட்ஸிங் ஆகிய மூவரும் தனித்தனியே ஈஸ்ட் உயிருள்ளது என்றனர். வேதியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை. லூயி பாஸ்டர் 1857 முதல் செய்த ஆய்வுகளே நொதித்தல் உயிர்களின் செயல் என்பதை நிலைநாட்டின. 1883-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட் வளர்க்கும் முறையைக் கண்டார். 1897-ல் எட்வர்ட் புக்னர், ஈஸ்ட் உயிரணுவை நசுக்கி எடுத்த சாறும் சர்க்கரையை நொதிக்கச்செய்யும் எனக் காட்டினார். அவருக்கு 1907-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

வணிக ஈஸ்ட் இதனுடன் சேர்ந்தே வளர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வியன்னாவில் ஈஸ்டை வடிகட்டி அழுத்திக் கட்டியாக்கும் தொழில் பெருகியது. ஃபிளைஷ்மன் சகோதரர்கள் 1868-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் அதைத் தொடங்கினர். கட்டி ஈஸ்ட் சில வாரங்களே தாங்கும், குளிரில் வைக்கவேண்டும். வெப்பநாட்டுக்கு அது பொருந்தவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படைக்காக உலர் ஈஸ்ட் உருவானது. 1970-களில் நீரில் ஊறவைக்காமலே மாவில் கலக்கக்கூடிய இன்ஸ்டன்ட் ஈஸ்ட் வந்தது.

பேக்கரி ஈஸ்ட் வளர்வது கரும்பாலைக் கழிவான மொலாசஸில். கரும்புச்சாற்றில் சர்க்கரை பிரித்த பின் எஞ்சும் கரும்பாகு அது. கல்வராயன் மலை அடிவாரத்தில் உள்ள கச்சிராயப்பாளையத்திலும், அதே மாவட்டத்து மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. வெள்ளிமலைக்குச் செல்பவர் கச்சிராயப்பாளையத்தைக் கடந்தே மலையேறுவர். ஈஸ்டுக்குத் தீவனமாகும் பொருள் மலையின் காலடியிலேயே உண்டாகிறது.

மதுவிலக்கும் மாவும்

ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கல்வராயன் மலையின் மேற்குச் சரிவுகள் உள்ள மாவட்டம் அது. வெள்ளிமலை உள்ள கிழக்குப் பகுதி அன்று தென் ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் அது தளர்த்தப்பட்டது, 1974-ல் மீண்டும் வந்தது. 1981-ல் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் திறக்கப்பட்டன. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கு மறுபடியும் தடை. அத்தடை இன்றுவரை தொடர்கிறது.

சட்டம் குடியை நோக்கியது. ஆனால் மாவுக்கு ஊற்றும் கள்ளும் அதே கள்தான். தமிழகத்துச் சமையலறையில் கள் சட்டத்துக்குப் புறம்பான பொருளாயிற்று. ஆப்பமாவுக்குப் புளித்த இளநீர், சோறு அரைத்துச் சேர்த்தல், ஆப்பச்சோடா, ஈஸ்ட் ஆகியவை ஈடாயின. கள் சட்டப்படி கிடைக்கும் கேரளத்திலும் இலங்கையிலும் கள் ஊற்றிய ஆப்பம் தொடர்ந்தது. ஒரே பண்டம் மாநில எல்லைக்கு இருபுறமும் வெவ்வேறு மணம் கொண்டதற்கு இது ஒரு காரணம். பனையேறிகள் சுண்ணாம்பு தடவிய பதநீரை மட்டுமே இறக்க அனுமதிக்கப்பட்டனர். கலயத்தில் சுண்ணாம்பு போதாவிட்டால் பதநீர் தானாகவே கள்ளாகும். சட்டத்துக்கு உட்பட்டதும் புறம்பானதும் ஒரு விரற்கடைச் சுண்ணாம்பில் பிரிந்தன.

ஊறலும் மெத்தனாலும்

மதுவிலக்குக் காலங்களில் கல்வராயன் மலையின் ஓடைக்கரைகள் கள்ளச்சாராயம் காய்ச்சும் இடங்களாகப் பேசப்பட்டன. வெல்லத்துடன் வேலம்பட்டை முதலியவற்றை நீரில் ஊறவைத்து நொதிக்கவிடுவதற்கு 'ஊறல்' என்று பெயர். அதைக் காய்ச்சி வடிப்பது சாராயம். போலீசார் மலையில் ஊறலைக் கண்டுபிடித்துக் கொட்டி அழிக்கும் செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வெளிவந்தன.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலர் பார்வையை இழந்தனர். கொன்றது மெத்தனால். இது ஈஸ்டின் விளைபொருள் என்று தவறாக எண்ணப்படுவதுண்டு. வெல்லத்தையோ மாவையோ ஈஸ்ட் நொதிக்கவைக்கும்போது உண்டாவது எத்தனாலும் கரியமில வாயுவும். மெத்தனால் தொழிற்சாலைகளில் பயன்படும் கரைப்பான். கருணாபுரத்தில் அது வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டுக் கலக்கப்பட்டது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். இந்நிகழ்வுக்குப் பின் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை விசாரித்தது. சாலை, மருத்துவம், பள்ளி, வேலை ஆகியவை இல்லாத மலையைச் சாராயத்தின் பெயரால் மட்டும் அறிந்திருந்த வெளியுலகுக்கு அவ்வழக்கு வேறொரு பக்கத்தைக் காட்டியது.

பீட்சா மாவும் அதன் தவறுகளும்

பன்னாட்டு பீட்சா கடைகள் 1996-ல் இந்தியாவுக்கு வந்தன. சாக்கரோமைசிஸ் செரிவிசியேயின் மரபணுத் தொகுதி முழுதும் படிக்கப்பட்டு வெளியானதும் அதே ஆண்டில். கருவுள்ள உயிர்களில் முதலில் படிக்கப்பட்டது அதுவே. 2020-ன் ஊரடங்கில் உலகெங்கும் வீட்டில் ரொட்டியும் பீட்சாவும் செய்வது பெருகி, பல நாடுகளில் ஈஸ்ட் தட்டுப்பாடு ஏற்பட்டது. தமிழகத்து வீடுகளிலும் உலர் ஈஸ்ட் பொட்டலம் அப்போது பரவலாயிற்று. மாவு உப்பவில்லை என்ற கேள்வியும் உடன் வந்தது.

பொதுவான அளவு, 500 கிராம் மைதாவுக்கு 300 மில்லிலிட்டர் நீர், 10 கிராம் உப்பு, 3 முதல் 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். தவறுகளின் காரணங்கள் பெரும்பாலும் கீழ்க்கண்டவற்றுள் அடங்கும்.

ஈஸ்ட் இறந்திருத்தல்: திறந்த பொட்டலம் ஈரத்தாலும் வெப்பத்தாலும் வலுவிழக்கும். காற்றுப்புகாத புட்டியில் குளிர்பெட்டியில் வைத்தால் சில மாதங்கள் தாங்கும். ஐயம் இருந்தால் இளஞ்சூட்டு நீரில் சிறிது சர்க்கரையுடன் கரைத்துப் 10 நிமிடம் பார்க்கவேண்டும். நுரை எழுந்தால் உயிர் உள்ளது. எழாவிட்டால் மாவை வீணாக்குவதில் பயனில்லை.

நீரின் சூடு: உலர் ஈஸ்டைக் கரைக்க 40 பாகை செல்சியஸ் அளவு போதும். விரல் பொறுக்கும் இளஞ்சூடு அது. 55 பாகையைத் தாண்டினால் ஈஸ்ட் சாகத் தொடங்கும். களியை ஆற்றிய பின் நல்லடை சேர்த்த பழைய முறையின் காரணம் இதுவே.

குளிர்: மாவு எழாததற்குக் காரணம் ஈஸ்ட் இறந்ததல்ல, அது மெதுவாக இயங்குவதாக இருக்கலாம். வெள்ளிமலையின் தை மாதத்தில் ஒரு மணி நேரத்தில் எழும்பும் என்ற குறிப்பு பொருந்தாது. மணியைப் பார்க்காமல் மாவைப் பார்க்கவேண்டும். இருமடங்கு ஆகும்வரை காத்திருந்தால் போதும். மெதுவாகப் புளித்த மாவுக்குச் சுவையும் கூடும். ஈஸ்டைக் குறைத்துக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைக்கும் முறை இதிலிருந்து வந்தது.

வெயில்: கள்ளக்குறிச்சியின் சித்திரை, வைகாசியில் நிலை நேரெதிர். மாவு விரைவில் எழும்பி, சர்க்கரை தீர்ந்து, வலை தளர்ந்து அமுங்கும். சாராய மணமும் புளிப்பும் வீசும். விரலால் அழுத்திய குழி மெல்ல மீண்டால் மாவு சரியான நிலையில் உள்ளது. மீளவே இல்லையென்றால் அளவு கடந்துவிட்டது. அப்போது ஈஸ்டைப் பாதியாக்கி, குளிர்ந்த நீரில் பிசையவேண்டும்.

உப்பும் சர்க்கரையும்: இரண்டும் மிகுந்தால் ஈஸ்டிலிருந்து நீரை உறிஞ்சும். உப்பை ஈரமான ஈஸ்டின் மேல் நேராகக் கொட்டாமல் மாவில் கலக்கவேண்டும். தேனில் ஈஸ்ட் முடங்கும் காரணமும் இதுவே.

வலை இல்லாமை: ஈஸ்ட் நன்றாக நுரைத்தும் மாவு எழாவிட்டால் குறை மாவில் இருக்கும். பிசைவது போதாமல் இருக்கலாம். கோதுமைத் தவிடு மிகுந்து வலையை அறுத்திருக்கலாம். கேழ்வரகோ சாமையோ பாதிக்குமேல் கலந்திருக்கலாம். சிறுதானிய பீட்சா செய்ய விரும்புபவர் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காமல், எஞ்சியதை மைதாவாக வைத்தால் மாவு நிற்கும்.

அடுப்பு: எழும்பிய மாவு சுட்டபின் வறட்டியானால் ஈஸ்ட் காரணமல்ல. நேபிள்ஸ் நகரத்து விறகடுப்பு 430 பாகைக்குமேல் எரிந்து ஒன்றரை நிமிடத்தில் சுட்டுவிடும். வீட்டு அடுப்பு 250 பாகையில் நீண்டநேரம் சுடுவதால் மாவு உலர்கிறது. தட்டை முன்பே நன்கு காயவைப்பதும் மாவில் நீரைச் சற்றுக் கூட்டுவதும் உதவும்.

இன்றைய நிலை

புளிப்பைப் பற்றிய அறிவு தமிழகத்தில் ஒரே இடத்தில் சேர்ந்து இருந்ததில்லை. பனையேறியிடமும் கூழ்ப்பானையிடமும் ரொட்டிக்காரரிடமும் ஆய்வகத்திலும் அது பிரிந்து கிடந்தது. கள் தடைசெய்யப்பட்டபோது ஒரு பகுதி வழக்கிழந்தது. சிறுதானியத்தின் இடத்தை மரவள்ளியும் கடையரிசியும் பிடித்தபோது இன்னொரு பகுதி குறைந்தது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின் சாமையும் கேழ்வரகும் நகரக் கடைகளில் மதிப்புப் பெற்றன. ஈஸ்ட் பொட்டலம் வேகத்தைத் தந்தது. ஆனால் மாவின் மணத்தையும் நுரையையும் பார்த்து முடிவெடுப்பதை அது கற்றுத்தரவில்லை. பொட்டலத்தின் பின்புறக் குறிப்பு ஓர் அறைவெப்பத்துக்காக எழுதப்பட்டது. வெள்ளிமலையின் குளிருக்கும் கள்ளக்குறிச்சியின் வெயிலுக்கும் மாவைப் பார்த்தே நேரத்தைக் கணிக்கவேண்டும். கூழ் கரைத்தவர்கள் செய்ததும் அதுவே.